மூன்றாம் மதகின் தண்ணீர்

பிரிசெய்தாவைப் புதைத்த அன்று எனக்கும் ஹில்பெர்த்தோவுக்கும் இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது. அதற்குள் தலைவலியோ காய்ச்சலோ வராவிட்டால் நாங்கள் தப்பித்தோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் நாற்பத்தேழு டிகிரி வெயில். என் பின்கழுத்து வலித்தது. அது வெயிலா, அழுததாலா, இல்லை அவளுக்கு வந்ததேதானா என்று தெரியாமல் தலையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை நெஞ்சில் தொட்டால் பயமில்லை. குழிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹில்பெர்த்தோவும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். பார்த்தவர்கள் நாங்கள் ஜெபம் செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் மெஸ்கிட்டால், எல்லையோர நகரமான மெஹிகாலிக்குத் தெற்கே, வயலும் உப்புமண்ணும் கலந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் நிழல்கூடச் சுடும். நானும் பிரிசெய்தாவும் வெங்காயத்தாள் கட்டும் கொட்டகையில் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். எனக்கு இருபது, அவளுக்குப் பத்தொன்பது. ஹில்பெர்த்தோ என் சித்தப்பா மகன், பெட்டி ஏற்றுகிறவன். வேலை முடிந்ததும் மூன்று பேரும் நேராகக் கால்வாய்க்குத்தான் போவோம். ஊரே அங்கேதான் இருக்கும். மூன்றாம் மதகுக்குக் கீழே தண்ணீர் தேங்கி ஆழமாகக் கிடக்கும். ஜூலையில் அந்தத் தண்ணீர் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் இருக்கும். ஆனாலும் வெளியே காயும் வெயிலுக்கு அது சொர்க்கம்.

பிரிசெய்தா மதகுச் சுவரின் மேலிருந்து தலைகீழாகப் பாய்வாள். காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, சத்தமே வராமல் உள்ளே போவாள். எனக்கு மூக்கில் தண்ணீர் ஏறினால் பிடிக்காது. இரண்டு விரலால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கால் முதலில் விழும்படிதான் குதிப்பேன். அதற்கு அவள் எனக்கு வைத்த பெயர் கோழி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"வழி விடுங்கப்பா, கோழி குதிக்கப் போகுது! அம்பாரோ, றெக்கைய விரிடி!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உனக்கு வாய்தான்டி பெருசு," என்றேன். "அடியத் தொட்டேன், அடியத் தொட்டேன்னு சொல்றியே, யாரு பாத்தா? மண்ணு எடுத்துட்டு வா, பாப்போம்."

"கொண்டாந்தா?"

"ஒரு வாரம் உன் பங்கு வெங்காயத்தையும் நானே கட்டறேன்."

முதல் முறை வெறுங்கையோடு வந்தாள். இரண்டாம் முறை கையில் கொஞ்சம் சேறு இருந்தது, மேலே வருவதற்குள் கரைந்துவிட்டது. "அதெல்லாம் செல்லாது," என்றேன். மூன்றாம் முறை வெகுநேரம் வரவில்லை. ஹில்பெர்த்தோ எழுந்து நின்றுவிட்டான். பிறகு தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தாள். இரண்டு கையிலும் கறுப்புச் சேறு. தும்மலும் இருமலும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். நெற்றியைத் தட்டிக்கொண்டு, "மூளை வரைக்கும் ஏறிடுச்சுடி," என்றாள். அந்தச் சேற்றை அப்படியே என் முகத்தில் அப்பினாள்.

வியாழக்கிழமை காலையில் கொட்டகையில் காப்பிக் கோப்பையை முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"யாருடி இதுல டயரக் கொளுத்திப் போட்டது?"

நான் குடித்துப் பார்த்தேன். நல்ல காப்பிதான்.

"வெங்காயமும் அப்படித்தான் நாறுது," என்றாள். "தலை வேற பொளக்குது. நேத்து ராத்திரிலேர்ந்து."

வெள்ளிக்கிழமை காய்ச்சல். ஊர் மருந்தகத்தில் இருந்த பையன் வெயில் தாக்கியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாரம் வந்த பத்துப் பேருக்கும் அதுதான். சனிக்கிழமை அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வெளிச்சத்தைக் கண்டால் அலறினாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தன் அம்மாவைப் பார்த்து, "இந்தம்மா ஏன் நனஞ்சு நிக்குது? துண்டு குடுங்க," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஊரே மரியாதையாகத் தோன்யா லாலா என்று கூப்பிடும் அந்த அம்மாவின் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஞாயிறன்று டாக்டர் சல்திவார் என்னையும் ஹில்பெர்த்தோவையும் தனியாக அழைத்தார். ஐம்பது வயதுப் பெண். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். அதில் ஏதோ நகர்ந்ததாம்.

"அமீபா. சூடான தண்ணியில, அடிச் சேத்துல இருக்கும். குடிச்சா ஒண்ணும் பண்ணாது. மூக்கு வழியா ஏறினா மூளைக்குப் போயிடும். ரொம்ப அபூர்வம். ஆயிரம் பேரு குளிப்பாங்க, ஒருத்தருக்கும் வராது." பிறகு கேட்டார்: "அன்னிக்கு உங்க மூக்குல தண்ணி போச்சா?"

"கொஞ்சம் போச்சு," என்றான் ஹில்பெர்த்தோ.

"நான் மூக்கப் பிடிச்சுக்குவேன் டாக்டர்," என்றேன். "எப்பவுமே. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். அத விட்றாத," என்றார். குதித்த நாளிலிருந்து பதினான்கு நாள் கவனமாக இருக்கச் சொன்னார். தலைவலி, காய்ச்சல், வாசனை மாறுவது, எதுவானாலும் அந்த நிமிடமே வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பிரிசெய்தா இறந்துபோனாள்.

புதைத்த மறுநாளிலிருந்து ஹில்பெர்த்தோ தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிடுவான். வேறு பேச்சே கிடையாது.

"காப்பி எப்படி மணக்குது?"

"காப்பி மாதிரி. உனக்கு?"

"காப்பி மாதிரி."

வைத்துவிடுவோம். பதினான்காம் நாள் போன பிறகும் ஒரு மாதம் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். கால்வாய் இல்லாத ஊராகப் பார்த்துப் போனேன் என்று எழுதியிருந்தான்.

ஊரில் வேறு கதை ஓடியது. பத்தொன்பது வயதுப் பெண் ஐந்தே நாளில் பிதற்றிப் பிதற்றிச் சாவாளா? போதைப்பொடி என்றார்கள். இன்னும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு வேறு ஏதேதோ சொன்னார்கள். தோன்யா லாலா டாக்டர் கொடுத்த தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். அவருக்குப் படிக்கத் தடுமாறும், அதனால் நான்தான் உரக்கப் படிப்பேன். கடுங்கோடையில் கால்வாயில் தலையை முக்காதீர்கள், பாயாதீர்கள், அடிச்சேற்றைக் கலக்காதீர்கள், இறங்கியே ஆக வேண்டுமென்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் அழுதார்கள். மறுநாள் மாலை அவர்கள் பிள்ளைகள் மதகிலிருந்து பாய்ந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து குளிக்கறோம், தோன்யா," என்றார் டிராக்டர் வைத்திருந்த பெரியவர். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. உங்க பொண்ணுக்கு நேரம் அப்படி."

தண்ணீர் இலாகாக்காரர்கள் வந்து ஒரு அறிவிப்புப் பலகை நட்டார்கள். இரண்டு வாரத்தில் பையன்கள் அதைப் பிடுங்கி, மதகுச் சுவரில் நீட்டிவைத்துக் குதிக்கும் பலகையாக்கிவிட்டார்கள்.

அடுத்த ஜூலையில் ஒரு நடுப்பகல். கொட்டகையில் மின்சாரம் போய்விட்டதால் எங்களை அனுப்பிவிட்டார்கள். குறுக்கு வழியாகக் கால்வாய்க் கரையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். கரை நெடுக ஆளில்லை. வெப்பம் தண்ணீருக்கு மேல் அலையலையாக ஆடியது. மூன்றாம் மதகுக்கு எதிர்க்கரையில் யாரோ உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மஞ்சள் கவுன், தோளில் சொட்டும் ஈரக்கூந்தல். அந்தக் கவுனை எனக்குத் தெரியும். அதை வாங்கும்போது நான் கூட இருந்தேன். இடுப்பில் பிடிக்கிறது என்று பிரிசெய்தா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றது ஞாபகம் இருக்கிறது.

சைக்கிள் விழுந்தது. நானும் விழுந்தேன். அந்த உருவம் எழுந்து என்னைப் பார்த்துக் கையசைத்தது.

"அம்பாரோ! மிஹா, எம்மகளே, அடி பட்டுச்சா?"

தோன்யா லாலா. பாலத்தைச் சுற்றி ஓடிவந்து என்னைத் தூக்கினார். என் பல் கிட்டிப்போயிருந்தது.

"நீங்க... அந்தக் கவுனு..."

"வெயில் தாங்கல, தலையில தண்ணி ஊத்திக்கிட்டேன். இது ஒண்ணுதான் மெல்லிசா இருந்துச்சு." என் முழங்கால் ரத்தத்தைத் துடைத்தார். "நீயும் பயந்துட்டியா?"

"நீயும்னா?"

"முந்தாநேத்து நாலு பிள்ளைங்க குளிக்க வந்துச்சுங்க. என்னப் பாத்துட்டு ஒரே ஓட்டம். செருப்பக்கூட விட்டுட்டு ஓடிடுச்சுங்க. நேத்தும் வரல. இன்னிக்கும் வரல." கால்வாயைப் பார்த்தார். "ஒரு வருஷமாத் தாளத் தூக்கிட்டு அலஞ்சோமே மிஹா. கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு எவன் பயப்படறான்? என்னப் பாத்துப் பயப்படட்டும்."

"பிள்ளைங்ககிட்ட பொய் சொல்றதா?"

"நான் ஒரு வார்த்த சொன்னேனா? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

அன்றிலிருந்து கோடைதோறும், ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை, வெயில் தாழும் வரைக்கும் அவர் அங்கே உட்கார்ந்தார். வீட்டிலிருந்து தூக்கிவந்த வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். யாராவது பிள்ளைகள் வந்தால் மெதுவாக எழுந்து நிற்பார், அவ்வளவுதான். கதை தானாக வளர்ந்தது. கால்வாயில் செத்த பெண் நடுப்பகலில் எழுந்துவந்து தலை துவட்டத் துண்டு கேட்கிறாள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் பிரிசெய்தா துண்டு கேட்டது எப்படி வெளியே போனதென்று எனக்குத் தெரியாது. அதைக் கேள்விப்பட்ட அன்று தோன்யா லாலா ஒன்றும் சாப்பிடவில்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை. அவர் வீட்டு முன்னால் ஐஸ் சீவி, புளிச்சாறும் மிளகாய்த்தூளும் போட்டு விற்றுவந்தார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் மொய்ப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பல் விழுந்த கணக்கும் அவருக்குத் தெரியும். இப்போது பிள்ளைகள் அந்தத் தெருவுக்கே வருவதில்லை. ஒரு நாள் யாரோ அவர் ஜன்னலில் கல்லெறிந்தார்கள். ஞாயிறு பூசையில் அவர் பக்கத்துப் பெஞ்சு காலியாகவே இருந்தது.

நான் முடிந்த நாளெல்லாம் போய் அவரோடு உட்கார்ந்தேன். பயம் ஒருநாள் தெளிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் பெரிய பிள்ளைகளைத் தனியே பிடித்துப் பேய் இல்லாத உண்மையையும் சொல்லிவைத்தேன். ஆனால் ஒரு உண்மையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் அங்கே உட்காரத் தொடங்கிய இரண்டாம் கோடையின் ஒரு மதியம், அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "அவ பாயறதுதான் தெரியுமே, அடிச்சேறு வரைக்கும் எதுக்குப் போனா?" என்று தனக்குத்தானே கேட்டபோது, என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான்தான் தோன்யா. மண்ணு எடுத்துட்டு வா பாப்போம்னு நான்தான் சொன்னேன். மூணு தடவ போக வச்சேன். ரெண்டாவது தடவ கொண்டு வந்தத செல்லாதுன்னு சொன்னேன்."

அவர் திரும்பவில்லை.

"மூணாவது தடவ கொண்டாந்தாளா?" என்றார் கடைசியில்.

"ரெண்டு கையிலயும். என் மூஞ்சியில அப்பினா."

அவர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. "அவ அப்படித்தான்," என்றார். "சின்னதுல மாவு பிசஞ்சா என் மூஞ்சிலதான் அப்புவா." பிறகு சிரிப்பு நின்றது. "நீ வீட்டுக்குப் போ, அம்பாரோ. கொஞ்ச நாளைக்கு வராத."

ஒன்பது நாள் போகவில்லை. பத்தாம் நாள் காலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். "வாளி கனமா இருக்கு. தூக்க ஆள் வேணும்," என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவேயில்லை.

அந்த ஆகஸ்டில் தெற்கே ஓஹாகா மலையிலிருந்து அறுவடைக் கூலிகள் லாரியில் வந்திறங்கினார்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்வது வேறு மொழி. ஊர்க் கதை எதுவும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. எல்பா என்ற பெண்ணும் அவளுடைய எட்டு வயது மகள் ஸுலெய்மாவும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தகரக் குடிசையில் தங்கினார்கள்.

ஒரு மதியம் ஸுலெய்மா தனியாக மதகுக்கு வந்தாள். தோன்யா லாலா எழுந்து நின்றார். அவள் பயப்படவில்லை. ஈரத் தலையோடு யாரோ குளித்துவிட்டு நிற்கிறார்கள் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கையை ஆட்டிவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தாள்.

நான் ஐம்பதடி தள்ளி இருந்தேன். தோன்யா லாலா அலறியது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரில் விரலைக்கூட வைக்காதவர் கவுனோடு உள்ளே இறங்கினார். நீந்தத் தெரியாது. கரையோரத்து நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று கையால் துழாவி, சிறுமியின் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். "சிந்து! மூக்கச் சிந்துடி!" என்று அவளைக் குனியவைத்து முதுகில் தட்டினார். ஸுலெய்மா அவர் கையைக் கடித்தாள். வயலிலிருந்து எல்பா வெங்காயம் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தாள்.

"என் மகள விடு! பைத்தியக்காரி, விடு!"

நான் நடுவில் போய் நின்றேன். என் வாயில் வந்த வார்த்தைகளெல்லாம் உளறலாக இருந்தன. கடைசியில் தோன்யா லாலாதான் சொன்னார், மூச்சு வாங்க, ஒரே வரியில்: "என் பொண்ணு இந்தத் தண்ணியிலதான் போனா."

எல்பா கத்தியைக் கீழே போட்டாள்.

நகரத்துக்குப் போய் டாக்டர் சல்திவாரைப் பார்த்தோம். வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் பதினான்கு நாள் பாருங்கள், ஏதாவது மாற்றம் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று அவர் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக்கூட எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பதினான்கு நாளும் தோன்யா லாலா கால்வாய்க்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும் எல்பா மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவாள். நான் காப்பிப் பொடி, எலுமிச்சை, சோப்பு என்று ஒவ்வொன்றாக ஸுலெய்மாவின் மூக்கருகே பிடிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

"இது?"

"சோப்பு."

"இது?"

"எலுமிச்ச. ஏன் தினமும் இதே மூணு? வேற எதுவும் இல்லையா உங்க வீட்டுல?"

"இது?"

"உன் கை. வெங்காய நாத்தம்."

எல்பா சிரிக்க மாட்டாள். மகளின் கழுத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பாள். ஐந்தாம் நாள் காலையில் ஸுலெய்மா, "தல வலிக்குது," என்றாள். தோன்யா லாலாவின் கையிலிருந்த பாத்திரம் விழுந்தது. நான் டாக்டருக்குப் போன் செய்ய ஓடினேன். கொட்டகை முதலாளியின் வண்டியில் அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். வழி முழுக்க தோன்யா லாலா அவள் காதில், "எம்மேல ஈரம் இருக்கா? சொல்லு கண்ணு, நான் நனஞ்சிருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கேள்வி எனக்கும் அவருக்கும் மட்டும்தான் புரிந்தது. சிறுமி, "இல்ல, ஆனா அழறீங்க," என்றாள்.

காய்ச்சல் இல்லை. கழுத்து நன்றாக வளைந்தது. டாக்டர் ஓர் இரவு வைத்திருந்து பார்த்தார். முந்திய நாள் தொப்பி போடாமல் வயலில் ஓடியதால் வந்த தலைவலி.

பதினைந்தாம் நாள் விடிந்தபோது தோன்யா லாலா சமையலறைத் தரையிலேயே படுத்துத் தூங்கினார். எழுப்பியும் எழவில்லை. மாலை வரை தூங்கினார்.

செப்டம்பரில் கூலிகள் கடற்கரைப் பக்கம் தக்காளி பறிக்கக் கிளம்பினார்கள். லாரி அருகே நின்று தோன்யா லாலா எல்பாவிடம் கேட்டார்: "நீ போற ஊருலயும் தண்ணி தேங்கி நிக்குமா?"

"தண்ணி இல்லாமத் தக்காளி வெளையுமா, தோன்யா? பெரிய குட்டையே வெட்டி வச்சிருக்காங்களாம்."

"என்ன செய்யணும்னு..."

"தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

நவம்பரில் ஒரு நாள் மூலைக் கடைக்கு எல்பாவின் போன் வந்தது. எல்லோரும் சுகம். குட்டையில் யாரும் இறங்குவதில்லையாம். மூக்கு, சேறு, அமீபா எல்லாவற்றையும் எல்பா கூலிக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னாளாம், பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்களாம். பிள்ளைகளுக்கு ஸுலெய்மாவே சொல்லிவிட்டாளாம், ஈரத்தலையோடு ஒரு பொம்பளை லாரிக்குப் பின்னாலேயே வந்து அந்தக் குட்டையில் இறங்கிவிட்டாள் என்று.

நான் அதைத் தோன்யா லாலாவிடம் சொன்னேன். அவர் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் கவுனும் அதில் இருந்தது. அதன் ஓரத்தைப் பிழிந்தார்.

"லாரிக்குப் பின்னால வந்தது யாராம்?" என்று கேட்டார். "நானா, என் பொண்ணா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் கேட்கவில்லை.